புழுவுக்கு வர்ற பூசணம்: பட்டுப்புழு மனையில இருந்து எருக்குழி வரைக்கும்

ராசிபுரம் பட்டுக்கூடு ஏல மையத்துக்குக் கூடு கொண்டு வர்றவங்ககிட்ட "பிவேரியா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க, மூஞ்சி சுண்டிப் போயிரும். அதே வார்த்தையைப் பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் தென்னையும் மக்காச்சோளமும் வெச்சிருக்கிறவங்ககிட்ட சொன்னா, "எங்கீங்க கிடைக்குது, கிலோ என்ன விலை?"ன்னு கேப்பாங்க. ஒரே பூசணம்தான். அங்க நோய், இங்க மருந்து. இது எப்படி ஆச்சுன்னு ரொம்ப நாளா எனக்கு ஒரு குறுகுறுப்பு. பயிற்சிக்குப் போன இடத்துல விஞ்ஞானிங்க சொன்னது, பையன் இங்கிலீஷ்ல இருந்து படிச்சுச் சொல்லச் சொல்ல நோட்டுல எழுதி வெச்சது, எல்லாத்தையும் சேர்த்து இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும். பொறுத்துக்கோங்க.

முதல்ல பட்டுப்புழு. எங்க பங்காளி ஒருத்தர் ரெண்டு ஏக்கர் மல்பெரி வெச்சு புழு வளர்க்கிறாரு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழின்னு மழையும் குளிருமா ஈரக்காத்து அடிக்கிற மாசத்துலதான் அவருக்குப் பயம். நல்லா இலை தின்னுட்டிருந்த புழு திடீர்னு மந்தமாகும். செத்ததும் உடம்பு குச்சி மாதிரி விறைச்சுக்கும். ஒரு நாள் விட்டுப் பார்த்தா மேலெல்லாம் வெள்ளையாப் பூத்து, சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஆயிரும். விரல்ல தொட்டா மாவு ஒட்டும். அந்த மாவு காத்துல பறந்து அடுத்த தட்டுக்குப் போச்சுன்னா அந்தத் தடவை கூடு இல்லைன்னே வெச்சுக்கலாம். அதிகாரிங்க இதை வெள்ளை மஸ்கார்டின்னு சொல்லுவாங்க.

இந்த மாவு என்னன்னு முதல்ல கண்டுபிடிச்சவரு இத்தாலியில லோடிங்கிற ஊர்ப் பக்கம் இருந்த அகோஸ்டினோ பாஸி. 1773-ல பொறந்தவரு. வக்கீலுக்குப் படிச்சாரு, ஆனா மனசெல்லாம் பண்ணையத்துல. கண்பார்வை வேற மோசம். 1807-ல இந்தப் பட்டுப்புழு நோயைக் கையில எடுத்தாரு. அந்தக் காலத்துல எல்லாரும் நினைச்சது, தீனி சரியில்லை, காத்து சரியில்லை, சூடு சரியில்லை, அதனால புழுவுக்குத் தானா வருதுன்னுதான். பாஸியும் அப்படி நினைச்சுத்தான் ஆரம்பிச்சாரு. புழுவுக்கு என்னென்னமோ கொடுமை எல்லாம் பண்ணிப் பார்த்தாரு. புழு செத்துச்சே தவிர வெள்ளை பூக்கலை. வருஷக்கணக்கா தோல்விதான்.

கடைசியில வழியை மாத்தினாரு. செத்துப் பூத்த புழு மேல இருக்கிற மாவை ஊசி முனையில தொட்டு, நல்ல புழுவுக்குக் குத்தினாரு. நோய் வந்துருச்சு. அந்தப் புழு பூத்ததும் அதுல இருந்து இன்னொண்ணுக்கு. அதுக்கும் வந்துச்சு. அப்போ இது தீனியால வர்றது இல்லை, உசுரு உள்ள ஒண்ணு ஒரு உடம்புல இருந்து இன்னொரு உடம்புக்குத் தாவுதுன்னு புரிஞ்சுக்கிட்டாரு. ஏறக்குறைய 25 வருஷ வேலையை 1835-ல புத்தகமாப் போட்டாரு. லூயி பாஸ்டர் அப்போ 12 வயசுப் பையன். கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர்தான் ஒரு பிராணிக்கு நோய் கொண்டு வருதுன்னு பரிசோதனை பண்ணிக் காட்டின முதல் ஆள் பாஸின்னு சொல்றாங்க. மனுசனுக்கு வர்ற காலரா, காசநோய்க் கிருமி எல்லாம் அதுக்கு அப்புறம்தான். அவரு பேரை வெச்சே பூசணத்துக்குப் பேர் வெச்சாங்க. இன்னிக்கு நம்ம கடையில பாக்கெட் மேல "பிவேரியா பேசியானா"ன்னு போட்டிருக்கே, அந்தப் "பேசியானா" இந்தப் பாஸிதான். முன்னால இருக்கிற "பிவேரியா" பின்னாடி 1912-ல இன்னொரு விஞ்ஞானி பேரால சேர்ந்தது.

நோயை நிறுத்த பாஸி சொன்னது என்னன்னா, செத்த புழுவைப் பூக்கறதுக்கு முன்னாடியே எடுத்து அழி, தட்டு தாம்பாளமெல்லாம் கழுவிச் சுத்தம் பண்ணு, நோய் வந்த மனையில இருந்து நல்ல மனைக்கு எதையும் கொண்டு போகாதே. எங்க பங்காளிக்கு இன்னிக்கும் அதையேதான் சொல்றாங்க. கூடுதலா சுண்ணாம்புத்தூளும், வெள்ளைக் களிமண்ல கலந்த பூசணக்கொல்லித் தூளும் படுக்கையில தூவச் சொல்றாங்க. அம்புட்டுத்தான் வித்தியாசம்.

சரி, இந்த நோய் எப்போ மருந்தாச்சு? அதுக்கு ரஷ்யா பக்கம் போகணும். இப்ப உக்ரைன்ல இருக்கிற ஒடெஸா சுத்து வட்டாரத்துல கோதுமைக் கதிரை ஒரு வண்டு தின்னு தீர்த்துட்டிருந்துச்சு. எலி மெச்னிகோவ்ங்கிற விஞ்ஞானி அதைப் பார்க்கப் போனாரு. அந்த வண்டோட புழு சிலது மண்ணுக்குள்ள செத்துப் பச்சைப் பொடி பூத்துக் கிடந்துச்சு. 1879-ல அதைப் பத்தி எழுதினாரு. நோய் வந்த புழுவை வெச்சே மத்த புழுவைக் கொல்லலாமேன்னு யோசிச்சவரு, அதுக்குப் பொடி நிறைய வேணுமே, பீர் காய்ச்சற இடத்து மசியல்ல வளர்க்கலாம்னு யோசனை சொன்னாரு. பூச்சிக்கு வர்ற பூசணத்தைப் பூச்சி இல்லாமலே, ஒரு பாத்திரத்துல பயிர் பண்ணலாம்ங்கிற எண்ணம் இங்கதான் முளைக்குது. அந்தப் பச்சைப் பூசணத்துக்குத்தான் இப்ப மெட்டாரைசியம்னு பேரு. பின்னாடி வர்ற "அனைசோப்ளியே" அந்தக் கோதுமை வண்டோட பேரு.

அவரு யோசனையைப் பிடிச்சுக்கிட்டு கிராஸில்ஷ்சிக்ங்கிறவரு 1884-ல ஸ்மேலாங்கிற ஊர்ல ஒரு சின்ன ஆலையே வெச்சாரு. சர்க்கரைக்கிழங்கைத் தின்கிற கூன்வண்டுக்காக. நாலு மாசத்துல 55 கிலோ பூசண வித்து எடுத்தாங்களாம். வயல்ல போட்ட இடத்துல வண்டும் நல்லாவே செத்துச்சு. ஆனா ஆலை நீடிக்கலை. மெச்னிகோவும் வேற பக்கம் போயிட்டாரு. உடம்புக்குள்ள நுழையற கிருமியை வெள்ளை அணு எப்படி விழுங்குதுன்னு கண்டுபிடிச்சு 1908-ல நோபல் பரிசு வாங்கினாரு. கோதுமை வண்டோட வேலை அப்படியே நின்னு போச்சு.

அடுத்த கதை அமெரிக்கா. எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாப் படுது, நம்ம ஊருக்கு அப்படியே பொருந்துற கதைங்கிறதால. கான்ஸாஸ் மாநிலத்துல கோதுமை, மக்காச்சோளம் ரெண்டையும் சிஞ்ச்ங்கிற ஒரு நாவாய்ப்பூச்சி உறிஞ்சிக் காய வெச்சுட்டிருந்துச்சு. அங்க பல்கலைக்கழகத்துல பிரான்சிஸ் ஸ்னோன்னு ஒரு பேராசிரியர். 1880-கள் முடியறப்ப ஆரம்பிச்சு சில வருஷம், நோய் வந்த பூச்சியைப் பொட்டலம் கட்டி விவசாயிங்களுக்குத் தபால்ல அனுப்பினாரு. ஆயிரக்கணக்கான பொட்டலம். அதை நம்ம வயல் பூச்சியோட ஒரு பெட்டியில போட்டு, நோய் தொத்தினதும் வயல்ல விட்டுரணும். விவசாயிங்க "அற்புதம், பூச்சியே இல்லை"ன்னு கடுதாசி மேல கடுதாசி போட்டாங்க. அரசாங்கமும் பணம் கொடுத்துச்சு.

அப்புறம் பில்லிங்ஸ், க்ளென்னு ரெண்டு பேரு உட்கார்ந்து ஒழுங்கா ஒப்பிட்டுப் பார்த்தாங்க. பொட்டலம் போட்ட வயல், போடாத வயல். 1911-ல அவங்க அறிக்கை வந்துச்சு. பூசணம் எல்லா வயல்லயும் ஏற்கெனவே இருக்கு. மழையும் ஈரமும் வந்தா பொட்டலம் போடாத வயல்லயும் பூச்சி சாகுது. காஞ்சு கிடந்தா பொட்டலம் போட்ட வயல்லயும் சாகலை. நாம போடறதால பிரயோசனம் ஒண்ணும் இல்லைன்னு முடிச்சுட்டாங்க. கடுதாசி போட்டவங்க பொய் சொல்லலை. பொட்டலமும் மழையும் ஒரே சமயத்துல வந்துச்சு, புண்ணியம் பொட்டலத்துக்குப் போயிருச்சு. நம்ம ஊர்லயும் ஒரு மருந்தை அடிச்ச மறுநாள் மழை வந்தா இதே கதைதானுங்களே.

அந்த அறிக்கைக்கு அப்புறம் இந்தப் பூசண வேலை ரொம்ப வருஷம் தூங்கிருச்சு. டி.டி.டி. வேற வந்ததும் யாரு இதைத் திரும்பிப் பார்ப்பாங்க?

ஆனா தென்னைக்காரங்க கதை வேற ஓட்டத்துல போச்சு. 1909-ல சமோவா தீவுக்கு இலங்கையில இருந்து ரப்பர் நாத்து கொண்டு போனாங்க. அந்த மண்ணோட நம்ம காண்டாமிருக வண்டும் கப்பலேறிப் போயிருச்சு. அதுக்கு முன்னாடி அங்க அந்த வண்டே கிடையாது. கொஞ்ச வருஷத்துல தென்னை எல்லாம் குருத்து வெட்டுப்பட்டு மொட்டையா நின்னுச்சு. அப்போ அந்தத் தீவு ஜெர்மனிக்காரங்க கையில. கார்ல் ஃப்ரீடரிக்ஸ்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி, மக்கின மரக்கட்டையும் குப்பையும் கூட்டி வெச்சு, அதுல பச்சைப் பூசணத்தைக் கலந்தாரு. வண்டு முட்டை போட அங்கதானே வரும்? புழு பொரிஞ்சதும் பூசணம் தொத்தும். மரத்து உச்சிக்குப் போகாம வண்டு பொறக்கிற இடத்துலயே வேலையை வெச்சாரு பாருங்க, அங்கதான் அவரோட மூளை இருக்கு. சமோவாவைக் கடைசியில பெரிய அளவுல காப்பாத்தினது 1960-கள்ல மலேசியாவுல கண்டுபிடிச்சுக் கொண்டு போன ஒரு வைரஸ். அது தனிக்கதை. ஆனா குப்பைமேட்டுல பூசணம்ங்கிற வழி மட்டும் நிலைச்சு நின்னுச்சு.

நம்ம நாட்டுல கேரளாவுல காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துல நிருலாவும் கூட இருந்தவங்களும் 1955-ல இந்த வண்டுப்புழுவுக்கு வர்ற பச்சை மஸ்கார்டினைப் பத்தி எழுதினாங்க. அந்த நிலையம் இப்ப மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தோட சேர்ந்தது. அதுக்கு அப்புறம் அங்க இருந்தவங்க யோசிச்சது, இதை எதுல மலிவா வளர்க்கலாம்ங்கிறதுதான். அரை வேக்காட்டு அரிசியில வளர்த்தாங்க. மரவள்ளிச் சில்லும் தவிடும் கலந்து வளர்த்தாங்க. கொப்பரை போடற இடத்துல வீணாப் போற தேங்காய்த் தண்ணியில வளர்த்து அதையும் எழுதி வெச்சிருக்காங்க.

இதைப் பையன் படிச்சுச் சொன்னப்ப எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரலைங்க. மரவள்ளியும் கொப்பரையும் நம்ம பொழப்பு. ஆத்தூர், ராசிபுரம் போற ரோட்டுல சேகோ ஃபேக்டரி வாசல்ல குச்சிக்கிழங்கு லாரி வரிசை கட்டி நிக்கும். வேலூர் பக்கம் கொப்பரைக் களத்துல தேங்காய் உடைக்கிறப்ப தண்ணி வாய்க்காலா ஓடி, புளிச்ச நாத்தம் அடிக்கும். இந்த ரெண்டும் நம்ம வண்டைக் கொல்ற பூசணத்துக்குத் தீனின்னு எத்தனை வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வெச்சிருக்காங்க. ஊர்ல ஒருத்தரும் இதைப் பேசி நான் கேட்டது இல்லை.

1998-ல கேரளாவுல எர்ணாகுளம் பக்கம் தென்னை ஈரியோபைட் சிலந்தி தலைகாட்டுச்சு. கொஞ்ச காலத்துல நம்ம பக்கமும் வந்துருச்சு. காய் மேல கருஞ்சிவப்பா சிரங்கு விழுந்து, வெடிச்சு, சிறுத்துப் போன வருஷங்களை வயசானவங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. அப்போ பெங்களூரு உயிரியல் கட்டுப்பாட்டு இயக்குநரகத்துல, இப்ப என்.பி.ஏ.ஐ.ஆர்.னு சொல்றாங்களே அங்க, ஹிர்சுட்டெல்லாங்கிற பூசணத்தைச் செத்த சிலந்தியில இருந்தே பிரிச்சு எடுத்து வளர்த்தாங்க. புனாவுல இருக்கிற இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் கம்பெனியோட சேர்ந்து "மைக்கோஹிட்"டுன்னு பேர் வெச்சாங்க. சில தோட்டத்துல நல்லாக் கேட்டுச்சு, சிலதுல கேக்கலை. சிலந்தி இருக்கிறது காம்புக்கிட்ட செதிலுக்கு அடியில. அங்க பூசணம் போய்ச் சேரணும், ஈரமும் இருக்கணும். திரும்பவும் கான்ஸாஸ் கதைதான்.

இப்ப ஆய்வகத்துல எப்படி வளர்க்கிறாங்கன்னு சொல்றேன். ஒரு பயிற்சியில ஒரு நாள் முழுக்க நின்னு பார்த்தேன். முதல்ல வேணுங்கிறது தாய் வித்து. உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் அகார்னு ஒரு கடல்பாசிப் பொருளும் சேர்த்துக் காய்ச்சிக் கண்ணாடிக் குழாய்ல சாய்ச்சு உறைய வெச்சு, அதுல பூசணத்தை வளர்த்து வெச்சிருப்பாங்க. நொய் அரிசியை ஊற வெச்சு, தண்ணி வடிச்சு, சூடு தாங்கற பிளாஸ்டிக் பையில போட்டு, வாய்க்குப் பஞ்சு அடைச்சு, பெரிய குக்கர்ல வெக்கிறாங்க. 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி சூடு. இதுல எல்லாக் கிருமியும் செத்துரணும். ஆறினதும், காத்து வடிகட்டி வர்ற ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள கையை விட்டு, விளக்குத் தீ பக்கத்துலயே தாய் வித்தைக் கலந்து மூடிடறாங்க. 25-ல இருந்து 28 டிகிரி வரைக்கும் சூடு இருக்கிற அறையில ரெண்டு வாரம். முதல்ல வெள்ளை நூல் மாதிரி அரிசியைப் பின்னிக்கும். பிவேரியான்னா வெள்ளையாவே மாவு பூக்கும். மெட்டாரைசியம்னா கொஞ்சம் கொஞ்சமாப் பச்சையாகி, கடைசியில கரும்பச்சை. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பையைக் கையால உதிர்த்து விடணும், இல்லைன்னா கட்டியாயிரும், உள்ள காத்து போகாது.

கருப்பா பூத்துச்சுன்னா வேற பூசணம் நுழைஞ்சுருச்சு, பையைத் திறக்காம அப்படியே வேக வெச்சு அழிக்கணும். கருப்பாவது கண்ணுக்குத் தெரியும். மஞ்சப்பச்சையா ஒண்ணு வரும், அதுதான் வில்லன். பழக்கம் இல்லாத கண்ணுக்கு மெட்டாரைசியம் மாதிரியே இருக்கும். அது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸா இருந்தா அஃப்ளடாக்ஸின் விஷம் உண்டாக்கும். நாமக்கல்காரங்களுக்கு அஃப்ளடாக்ஸின் என்னன்னு சொல்லித் தர வேண்டியது இல்லை, தீவனத்துல அது வந்தா கோழி என்ன பாடுபடும்னு எல்லாருக்கும் தெரியும். அதனால வீட்டுச் சமையல் குக்கர்ல சும்மா பண்ணிப் பாக்கறேன்னு இறங்கறவங்களுக்கு நான் சொல்றது, கெட்டுப்போன பை அரிசியைக் கோழிக்கோ மாட்டுக்கோ போட்டுராதீங்க. பொடியை மூக்குல துணி கட்டாம கையாளாதீங்க. தாய் வித்து பல்கலைக்கழகத்துல இருந்தோ ஆராய்ச்சி நிலையத்துல இருந்தோதான் வாங்கணும். பொட்டலம் போட்டு விக்கணும்னா பூச்சிக்கொல்லிச் சட்டத்துல பதிவு வேணும். அது பாக்டீரியா, பூசணத்துக்கும் சேர்த்துத்தான்.

இன்னொண்ணு சொன்னாங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. இந்தப் பூசணத்தை அரிசியிலயும் குழாய்லயுமே திரும்பத் திரும்ப வளர்த்தா சோம்பேறி ஆயிருமாம். பூக்கும், பார்க்க நல்லாவும் இருக்கும், ஆனா புழுவைக் கொல்ற வீரியம் குறைஞ்சுரும். அதனால நடுவுல நடுவுல உசுருள்ள புழுவுக்குத் தொத்த வெச்சு, அது செத்துப் பூத்ததும் அதுல இருந்து மறுபடியும் பிரிச்சு எடுக்கணும். பாஸி ஊசியில குத்தினதையே இன்னிக்கும் பண்றாங்க. வீட்டுலயே கட்டிப் போட்டுச் சோறு வெச்ச வேட்டைநாய் மாதிரின்னு அந்த விஞ்ஞானி சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.

புழுவைக் கொல்ற விதமும் வேற. பி.டி. மாதிரி தின்னாத்தான் வேலை செய்யும்ங்கிறது இல்லை. வித்து தோல்ல ஒட்டினாப் போதும். முளைச்சு, தோலை ஓட்டை போட்டு உள்ள போய், உள்ளயே வளர்ந்து கொல்லும். ஒரு வாரம் பத்து நாள் ஆகும். காலையில அடிச்சு சாயங்காலம் புழு விழுந்திருக்கான்னு பார்க்கிறவங்களுக்கு இது சரிப்படாது. வித்து முளைக்க ஈரம் வேணும். வெயில் பட்டா செத்துரும். 35 டிகிரிக்கு மேல பெரும்பாலும் வளராது. நம்ம சேலம், நாமக்கல் சமவெளியில சித்திரை மாசம் என்ன வெயில்னு உங்களுக்குத் தெரியும்.

இந்தக் காய்ச்சலுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க, ஆப்பிரிக்காவுல. 1980-கள் கடைசியில அங்க பாலைவன வெட்டுக்கிளி கிளம்பினதும், 1989-ல "லூபிலோசா"ன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. வெட்டுக்கிளிக்குன்னே உள்ள மெட்டாரைசியத்தை எடுத்து, தண்ணிக்குப் பதிலா எண்ணெயில கலந்து தெளிச்சாங்க. எண்ணெய் வித்தைச் சுத்திப் பிடிச்சுக்கிறதால, காத்துல ஈரம் இல்லாட்டியும் முளைக்குது. "கிரீன் மசில்"னு பேர் வெச்சு வித்தாங்க. பில்லிங்ஸும் க்ளென்னும் 1911-ல சாத்துன கதவு அங்க கொஞ்சம் திறந்துச்சுன்னு வெச்சுக்கலாம். அந்தத் திட்டத்துல பங்கெடுத்த பெனின் நாட்டு ஆராய்ச்சி மையத்துல இருந்துதான், நம்ம குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சிக்கு ஒட்டுண்ணிக் குளவியும் 2021-ல இந்தியாவுக்கு வந்துச்சு. அடுத்த வருஷம் நம்ம ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வயலுக்கு விட்டாங்க. கிழங்குக்காரங்க பாதிப் பேருக்கு இந்தச் சங்கதி தெரியாது.

2018-ல கர்நாடகா ஷிமோகாவுல அமெரிக்கப் படைப்புழு வந்து, அதே வருஷம் நம்ம மக்காச்சோளத்துலயும் இறங்குச்சே, அப்போதான் கடைக்குக் கடை மெட்டாரைசியம், பிவேரியா பாக்கெட் தொங்க ஆரம்பிச்சுது. நானும் வாங்கினேன். கடைப்பேர் வேண்டாம். தகரக் கூரை, மத்தியானம் உள்ள நின்னா வேர்த்துக் கொட்டும், அங்கதான் பாக்கெட் அடுக்கியிருந்துச்சு. காலாவதி தேதிக்கு இன்னும் நாலு மாசம் இருந்துச்சு. ஆனா அந்தச் சூட்டுல உள்ள எத்தனை வித்து உசுரோட இருந்திருக்கும்? அடிச்சு என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க. அதே வருஷ மழையில மருந்தே அடிக்காத ஒரு காட்டுல, குருத்துக்குள்ள படைப்புழு வெள்ளையாவும் வெளிர்பச்சையாவும் பூத்து விறைச்சுக் கிடந்ததைப் பார்த்தேன். அது மெட்டாரைசியம் ரைலியின்னு அப்புறம் சொன்னாங்க. பல மாநிலத்துல அது தானாவே வந்து புழுவைக் கொன்னதை ஆராய்ச்சிக்காரங்க எழுதி வெச்சிருக்காங்க.

கடைசியா ஒரு கணக்கு. நான் இவ்வளவும் எழுதினதே இதுக்குத்தான். காண்டாமிருக வண்டுக்கு எருக்குழியில ஒரு கன மீட்டருக்கு 50,000 கோடி வித்து போடணும்னு தென்னை ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. பாக்கெட்டுல இருக்க வேண்டிய குறைஞ்ச அளவு ஒரு கிராமுக்கு 10 கோடி. அப்போ ஒரு கிலோவுக்கு 10,000 கோடி. ஒரு கன மீட்டருக்கு 5 கிலோ ஆச்சு. எங்க எருக்குழி 12 அடிக்கு 8 அடி, 4 அடி ஆழம். கிட்டத்தட்ட 11 கன மீட்டர். 55 கிலோ பொடி வேணும். நான் வாங்கினது கிலோ 200 ரூபா. ஒரு குழிக்கு 11,000 ரூபா! யாரு போடுவாங்க? அதனாலதான் நம்மாளுங்க ஒரு கிலோவைக் கரைச்சு ஊத்திட்டு "இது வேலைக்காகாது"ன்னு எழுந்து போயிடறாங்க. அரிசியில நல்லா வளர்ந்த மெட்டாரைசியம் ஒரு கிராமுக்கு 100 கோடி வித்து வரைக்கும் தரும். அந்த அரிசி ஒரு கன மீட்டருக்கு அரைக் கிலோ போதும். அதே குழிக்கு அஞ்சரைக் கிலோ. அஞ்சரைக் கிலோ நொய்யோட விலை என்னன்னு நீங்களே பாருங்க. குக்கர், கரண்டு, ஆள் கூலி எல்லாம் சேர்த்தாக்கூட அந்தப் பதினோராயிரத்துக்குக் கிட்ட வராது.

அப்போ ஊருக்கு ஒரு நல்ல குக்கர், ஒரு சுத்தமான அறை, தாய் வித்து வருஷம் தவறாமத் தர்ற ஒரு நிலையம், வித்து எண்ணிச் சொல்ல மைக்ரோஸ்கோப் பார்க்கத் தெரிஞ்ச ஒரு பொண்ணோ பையனோ. இதுதான் வேணும். உழவர் உற்பத்தியாளர் கம்பெனின்னு ஊருக்கு ஊர் போர்டு மாட்டியிருக்கோம். உரமும் விதையும் வாங்கி விக்கிற கடையாத்தான் அதுல பல இருக்கு. இந்த வேலையை எடுத்துச் செஞ்சா ஆகாதா?

பங்காளி கேட்டாரு, "நீங்க குழியில போட்டா என் புழுவுக்கு ஆகாதேங்க?"ன்னு. நியாயமான கேள்வி. பட்டுப்புழுவுக்குப் பிவேரியா மட்டும் இல்லை, பச்சைப் பூசணமும் ஆகாது. மல்பெரித் தோட்டம் பக்கத்துல இருந்தா இலை மேல தெளிக்கிறதே கூடாதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன். அவரு தோட்டத்துக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு வாய்க்கால்தான். குழியில போடறது எருவுக்குள்ளயே புதைஞ்சு கிடக்கும், காத்துல பறக்காது. கலக்கற அன்னிக்கு மட்டும் சாயங்காலம், காத்து அடங்கினதும், தண்ணியில கரைச்சு ஊத்திக் கிளறி மூடிடறோம். அவரு வீட்டு ஆளுங்க எங்க குழிப் பக்கம் வர்றதில்லை, எங்க ஆளுங்க அன்னிக்கு அவரு மனைக்குள்ள போறதில்லை. இது எங்க ரெண்டு பேருக்குள்ள ஏற்பாடு.

குழியில போடறப்ப ஒண்ணு கவனிக்கணும். புதுச் சாணமும் கோழி எருவும் கொட்டினதும் உள்ள சூடு ஏறும், கையை விட்டா சுடும். அந்தச் சூட்டுல பூசணம் வெந்து போயிரும். எரு மக்கிச் சூடு தணிஞ்ச பிறகுதான் போடணும். குண்டுப்புழுவும் மக்கின எருவுலதான் இருக்கும். எங்களுக்கு ஆடி கழிஞ்சு, ரெண்டு மழை விழுந்து, குழி ஈரமா இருக்கிற சமயம் தோதா இருக்கு. போன வருஷம் தை மாசம் எரு அள்ளறப்ப, பச்சையாப் பூத்து விறைச்ச குண்டுப்புழுவை அள்ள வந்த அம்மா ஒருத்தர் அருவருத்துத் தூக்கி வெளியில எறிஞ்சாங்க. பொறுக்கிட்டு வந்து திரும்பக் குழியிலயே போடச் சொன்னேன். "செத்த புழுவைப் போய் எதுக்குங்க பத்திரமா வெக்கறீங்க?"ன்னு கேட்டாங்க. விதைங்கம்மா அது, அடுத்த வருஷத்துக்குன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே, சேலை முந்தியால மூக்கைப் பொத்திக்கிட்டு, ஒவ்வொண்ணா எடுத்து உள்ள போட்டாங்க. எண்ணினதுல இருபத்தி மூணு இருந்துச்சு.